திரும்ப ஓட்டவும்

எம்.சி. ரோட்டில், துண்டுக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் எங்கள் வகுப்பு.
பதினோரு கணினி, பன்னிரண்டு பேர்.
ஏசி போட்டால் புரொஜெக்டர் மங்கும்,
அதனால் ஏசி கிடையாது.
பாடம் எடுக்கிற ஹெப்சிபாவுக்கு இருபத்தாறு வயது,
எனக்கு நாற்பத்து மூன்று.
அவள் என்னை "சார்" என்னும்போதெல்லாம்
ரூபஸ் பின்னாலிருந்து இருமுவான்.

முதல் வாரம் கேட்டாள்:
மிடில்வேர் என்றால் என்ன?
எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள்.
நான் சொன்னேன்:
மணலியில், எடைமேடைக்குப் பக்கத்தில்
பதினாறு வருஷம் நான் உட்கார்ந்திருந்த இடம்.
இந்தப் பக்கம் டிரைவர், அந்தப் பக்கம் ஆபீஸ்.
இவர் பேச்சு அவருக்கு ஆகாது.
நடுவில் ஒரு ஜன்னல், ஜன்னலில் நான்.
ஒரே லாரி மறந்துபோய் இரண்டு தரம் ஏறினாலும்
ஒரு சீட்டுதான் கிழிப்பேன்.
அதற்கும் ஆறெழுத்துக்கு மேல் நீளமாய் ஒரு பெயர்
வைத்திருக்கிறார்களாம்.
இப்போது அந்த ஜன்னலில் கேமரா இருக்கிறது.

பத்தொன்பதாம் நாள், பூட்டு.
திரையில் ரூபஸ் ஒரு ஜன்னல் திறந்தான், நான் ஒன்று.
அவன் ஏழாம் கணக்கைப் பிடித்துக்கொண்டு
ஒன்பதைக் கேட்டான்.
நான் ஒன்பதைப் பிடித்துக்கொண்டு
ஏழைக் கேட்டேன்.
கர்சர் துடித்தது.
கீழே யாரோ டஜன் துண்டுக்கு
இருபது ரூபாய் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
ஐந்தாவது விநாடி
என் திரையில் மட்டும் சிவப்பாய் ஒரு வரி:
உங்கள் வேலை பலியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.
திரும்ப ஓட்டவும்.

ஏன் என்னுடையது என்று கேட்டேன்.
"எதை அழிச்சா செலவு கம்மியோ
அதைத்தான் எடுக்கும் சார்.
ரூபஸ் நாற்பது வரி மாத்தியிருந்தான், நீங்க ரெண்டு."

மார்ச்சில் எனக்கு வந்த கடிதமும்
இதையேதான் மூன்று பக்கத்துக்குச் சொன்னது.
'திரும்ப ஓட்டவும்' மட்டும் அதில் இல்லை.

தீர்வு ஒன்றும் பெரிதில்லை.
எல்லாரும் சின்ன எண்ணைப் பிடித்துவிட்டுப்
பெரிய எண்ணுக்குப் போக வேண்டும்.
வரிசை ஒன்றானால் காத்திருப்பு உண்டு, முட்டல் இல்லை.
ஆறு முறை செய்து பார்த்தோம்.
ஏழாவதில் கரண்ட் போனது.
வந்தபோது என் இரண்டு வரி அப்படியே இருந்தது,
ரூபஸின் நாற்பதைக் காணோம்.
கமிட் போடாதவன் டீ வாங்க வேண்டும் என்பது
எங்கள் வகுப்புச் சட்டம்.

வீட்டுக்குத் திரும்பும்போது
கொருக்குப்பேட்டை கேட் திறந்தது, ஒரே நேரத்தில்
இரண்டு பக்கமும் உள்ளே நுழைந்துவிட்டார்கள்.
தண்டவாளத்துக்கு இந்தண்டை
தண்ணி லாரியும் டிரெய்லரும் மூக்கோடு மூக்கு.
"நான் இன்னாத்துக்கு எடுக்கணும்? நீ எடு."
"நீ எடுபா."
ஹாரன்.
பைக்கை நிறுத்திவிட்டு டயர்களைப் பார்த்தேன்.
எடைமேடைக் கண், பொய் சொல்லாது:
டிரெய்லரில் கண்டெய்னர் இருக்கிறது,
கண்டெய்னரில் காற்றுதான் இருக்கிறது.
"காலி வண்டி ரிவர்ஸ் எடு" என்றேன்.
"யார்யா நீ?"
அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை.
திட்டிக்கொண்டே எடுத்தான்.
அவன் பின்னால் நின்ற நாலு ஷேர் ஆட்டோவும்
ஒவ்வொன்றாய்ப் பின்வாங்கின.

வீட்டில் ஒரே சார்ஜர், அது என் கையில்.
ஒரே போன், அது தன்ஷிகா கையில்.
எனக்கு நாளைய பாடம் பார்க்கப் போன் வேண்டும்,
அவளுக்கு ரெக்கார்ட் நோட்டுப் படம் இறக்கச் சார்ஜர்.
"நீ குடு."
"நீ குடுப்பா."
போனில் மூன்று சதவீதம்.

அவளுக்கு இன்னும் பதினெட்டுப் பக்கம் வரைய வேண்டும்.
என்னிடம் இருப்பது ரெண்டு வரி.

சார்ஜரை நீட்டினேன்.
பதினோரு மணிக்கு மேல் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம்.